கணுக்கால் உயரத்தில் காற்று உண்டா?

கேள்வி: எங்கள் செவன்ஸ் (அணிக்கு ஏழு பேர் ஆடும் கால்பந்து) மைதானத்தில் பெர்முடா புல். மார்ச் பிறந்தால், மதிலை ஒட்டிய கிழக்குக் கோல் பக்கம் மட்டும் பழுத்துவிடுகிறது; விடியற்காலையில் எண்ணெய் தடவியதுபோல் வழவழவென்று படிந்து கிடக்கிறது. தண்ணீருக்குக் குறையில்லை. பெரிய ஃபேன் வைக்கச் சொல்கிறார்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் ஊரில் ஃபேன் எதற்கு?
– வாசகர், கொழிஞ்சாம்பாறை

பதில்: காற்று ஊருக்கு வருகிறது, சரி. புல்லுக்கு வருகிறதா என்று முதலில் பாருங்கள். மத்தியானம் அந்தக் கோல் முன்னால் கணுக்கால் உயரத்தில் ஊதுபத்தியைப் பிடியுங்கள். புகை நேரே மேலே போனால் மதில்தான் காரணம். கெட்டி மதில், தன் உயரத்தைப்போல் எட்டுப் பத்து மடங்கு தூரத்துக்குக் காற்றை மறைக்கும். 7 அடி மதில் என்றால் 60, 70 அடி.

இலையிலிருந்து நீர் ஆவியாவதால்தான் புல்லின் சூடு தணிகிறது. காற்று அசையாவிட்டால் அந்த ஆவி இலைமேலேயே போர்வையாக நிற்கும். வேரில் ஈரம் இருந்தும் புல் வெந்துபோகும். ராத்திரி முழுக்க அது காயாமல் கிடந்தால் பித்தியம் பூஞ்சை பிடிக்கும். நீங்கள் சொல்லும் வழவழப்பு அதைத்தான் காட்டுகிறது. விடியலில் பஞ்சுபோல் வெள்ளை நூல் தெரிந்தால் சந்தேகமே வேண்டாம். ஈரம் காயும்வரை அங்கே புல் வெட்டும் மெஷின் ஓட்டாதீர்கள், நோய் சக்கரத்தோடு மைதானம் முழுக்கப் போகும். யூரியாவையும் நிறுத்தி வையுங்கள்.

கிழக்கு மதிலின் கீழ்ப்பகுதியில், மேல்சுவர் விழாதபடி ஆங்காங்கே 3 அடி உயரத்துக்குத் திறந்து கம்பிவலை போடுங்கள். மேற்கிலும் அதேபோல் திறக்க வேண்டும். வெளியேற வழியில்லாத காற்று உள்ளே நுழையாது. வலையில் கட்டிய விளம்பர ஃபிளெக்ஸும் மதில் மாதிரிதான். (ஸ்பான்சர் கோபித்துக்கொண்டால் மேலே ஏற்றிக் கட்டுங்கள்.) தண்ணீரைச் சாயங்காலம் விடாமல் விடியற்காலை 4, 5 மணிக்கு விடுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் புகை அசையவில்லையா? அப்போது ஃபேன். குளிர்நாட்டுப் புல் வளர்க்கும் கோல்ஃப் கிரீன்களில்தான் (குழியைச் சுற்றிய புல்தரை) இது அவசியம். பெர்முடா நம் அருகம்புல் சாதி, வெயில் தாங்கும். எனவே கோல் முகப்புக்கு மட்டும் போதும். மதிலிலிருந்து 5 அடியாவது தள்ளி, 7 அடி உயரத்தில், லேசாகக் கீழே சாய்த்து, இயற்கைக் காற்று போகும் திசையிலேயே வையுங்கள். எதிரெதிரே இரண்டு வைத்தால் நடுவில் காற்று செத்துவிடும். புல்மட்டத்தில் மணிக்கு 5, 6 கிலோமீட்டர் வேகம் கிடைத்தால் போதும். கல்யாண மண்டபத்துப் பெடஸ்டல் ஃபேன் இதற்குப் போதாது. ஈரத்தரை என்பதால் எர்த்தும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபியும் (மின்கசிவு வந்தால் தானே அணையும் சுவிட்ச்) இல்லாமல் இணைப்பே கொடுக்காதீர்கள்.

ஒன்று: ஃபேன் காற்றைக் குளிர வைப்பதில்லை, ஈரத்தை இழுத்துப் போகிறது. மண் காய்ந்திருக்கும்போது ஓட்டினால் புல் இன்னும் சீக்கிரம் கருகும்.

கேள்வி: மே வெயிலில் மண்ணுக்குக் காற்றுவிடத் துளை போடலாமா? கிரிக்கெட் அவுட்ஃபீல்டு.
– வாசகர், நகரி

பதில்: மண்ணைப் பெயர்த்தெடுக்கும் குழாய் முள் இப்போது வேண்டாம், வேர் அறுந்து புல் மீள நாளாகும். மழை தொட்டுப் புல் துளிர்விடும்போது செய்யுங்கள். இப்போதைக்கு 8 மில்லிமீட்டர் கெட்டி முள்ளால் 3, 4 அங்குல ஆழம், 2 அங்குல இடைவெளி. வெயில் தாழ்ந்தபின் குத்தி, மறுநாள் விடியலில் தண்ணீர் விடுங்கள். கையால் குத்தினால் தோட்டத்து முள்கரண்டியை நேரே இறக்கி நேரே எடுங்கள். நெம்பினால் வேர் கிழியும். மேலே மணல் தூவ வேண்டாம், வெயிலில் அது அடுப்பு மணலாகக் கொதிக்கும்.