நார்வேயின் வடக்கே செப்டம்பரில் கார்ப் பயணம்: ட்ரோம்ஸோவை விட்டுவிட்டு ஏவனெஸில் இறங்குங்கள்

கோவையிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "இலையுதிர் காலத்தில் நானும் மனைவியும் வடக்கு நார்வேயில் 10 இரவுகள் கார் ஓட்டிச் சுற்ற ஆசை. ட்ரோம்ஸோவில் இறங்கி, செனியா தீவு வழியாக லோஃபோட்டன் தீவுகளுக்குப் போய், போடோவில் காரை விட்டுவிடலாம் என்று திட்டம். அக்டோபர் நடுவில் போனால் வடதுருவ ஒளி நன்றாகத் தெரியும் என்கிறார்கள். எங்கள் இருவருக்கும் இந்திய லைசென்ஸ் இருக்கிறது, வெளிநாட்டில் ஓட்டியதில்லை. நாங்கள் சைவம். இது சரிவருமா?"

சரிவரும். ஆனால் மாதம், விமானநிலையம், வழி மூன்றையும் மாற்றச் சொல்வோம்.

முதலில் மாதம். வடதுருவ ஒளிக்கு அக்டோபர் வரை காத்திருக்கத் தேவையில்லை. செப்டம்பர் 20 வாக்கில் லோஃபோட்டனில் மாலை ஏழேகாலுக்குச் சூரியன் மறையும். ஒன்பது மணிக்கு வானம் போதுமான அளவு இருட்டிவிடும். பகலும் இரவும் சமமாகும் நாட்களை ஒட்டிப் பூமியின் காந்தப்புலம் அதிகம் கலங்கும் என்பதால், செப்டம்பர் இறுதி உண்மையிலேயே நல்ல காலம். அதன் பிறகு பகல் ஒரு நாளைக்கு எட்டு நிமிடம் போலக் குறைந்துகொண்டே வரும். அக்டோபர் 10-க்குள் ஆறு மணிக்கே சூரியன் போய்விடும். அக்டோபர் நடுவில் மலைச்சாலைகளில் பனி உறையத் தொடங்கும். வடக்கு மாவட்டங்களில் ஆணி பதித்த குளிர்கால டயரை அனுமதிப்பதே அக்டோபர் 16 முதல்தான். முதல்முறை வலப்பக்கம் ஓட்டப்போகிறவர்கள் அந்த வாரத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். செப்டம்பர் 15-லிருந்து 18-க்குள் போய் இறங்குங்கள்.

இந்தத் தேதிக்கு இன்னொரு காரணம் நிறம். இலைகள் முதலில் கடலிலிருந்து தள்ளி உள்நாட்டில் இருக்கும் பகுதியில் மாறும். கடலின் வெதுவெதுப்பு பட்ட தீவுகளில் ஒரு வாரம், பத்து நாள் தள்ளித்தான். உள்நாட்டில் குட்டைப் பிர்ச் செடிகள் தரையோடு தரையாகச் சிவக்க, பிர்ச் மரங்கள் மஞ்சளாகும். ஆகவே முதலில் உள்ளே போய்விட்டுப் பிறகு கடலுக்கு வர வேண்டும். உங்கள் திட்டத்தில் உள்நாடே இல்லை.

அடுத்து வழி. செனியாவிலிருந்து தெற்கே போக, வரைபடத்தில் க்ரில்லெஃபியூர்–ஆண்டெனெஸ் படகு கண்ணுக்கு எடுப்பாகத் தெரியும்.  அது கோடைக்காலச் சேவை. அது நின்றபின் சுற்றித்தான் போக வேண்டும். ட்ரோம்ஸோவிலிருந்து லோஃபோட்டனிலுள்ள ஸ்வோல்வாருக்குச் சாலை வழியாக 420 கி.மீ., ஆறேழு மணி நேரம். கடைசியில் மோஸ்கெனெஸ்–போடோ படகு ஆண்டு முழுவதும் ஓடினாலும் மூன்று மணி நேரத்துக்கு மேல் திறந்த கடலில் போவது. இலையுதிர்காலப் புயலில் ரத்தாகும். ஊருக்குத் திரும்பும் விமானத்தை அந்தப் படகை நம்பிப் போடாதீர்கள். காரை வேறு ஊரில் விட்டால் தனிக் கட்டணமும் உண்டு.

எனவே ஆஸ்லோவிலிருந்து ஏவனெஸுக்கு, அதாவது ஹார்ஸ்டாட்–நார்விக் விமானநிலையத்துக்கு, வந்து அங்கேயே காரை எடுத்து அங்கேயே விடுங்கள். முதல் இரவு 60 கி.மீ. தள்ளி நார்விக்கில். நீண்ட விமானப் பயணம் முடிந்த அன்று அதற்கு மேல் ஓட்ட வேண்டாம். மறுநாள் ஈ10 சாலையில் கிழக்கே 80 கி.மீ. போனால் சுவீடனின் அபிஸ்கோ. அங்கே இரண்டு இரவுகள். பிறகு வந்த வழியே மேற்கே திரும்பி ஸ்வோல்வாருக்கு 300 கி.மீ.; இதுவே பயணத்தின் நீளமான நாட்களில் ஒன்று. ஸ்வோல்வார் அல்லது ஹென்னிங்ஸ்வாரில் மூன்று இரவுகள், ரைனெ அல்லது ஹாம்னொயில் மூன்று இரவுகள், கடைசி இரவு ஏவனெஸுக்குப் பக்கத்தில். ரைனெயிலிருந்து ஏவனெஸுக்கு 290 கி.மீ. போல, ஐந்து மணி நேரம்; விமானம் ஏறும் நாளன்று காலையில் இதை ஓட்டக்கூடாது. ஸ்வோல்வாருக்கும் ஏவனெஸுக்கும் நடுவே பெரிய சாலைப்பணி நடந்துவருவதால் கூடுதலாக அரைமணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்துச் சுற்றுகளையும் சேர்த்தால் மொத்தம் 1300 கி.மீ. வரும். நூறு கிலோமீட்டருக்கு 6 லிட்டர், லிட்டருக்கு 20 குரோனர் என்று வைத்தால் பெட்ரோலுக்கு 1600 குரோனர் ஆகும்.

அபிஸ்கோவை எதற்காகச் செருகுகிறோம் என்று சொல்லிவிடுகிறோம், ஏனென்றால் பலரும் முதலில் வெட்டுவது இதைத்தான். அட்லாண்டிக்கிலிருந்து வரும் ஈரத்தை நார்வே எல்லை மலைகள் வாங்கிக்கொள்கின்றன. மலைக்கு அந்தப்புறம் மழைமறைவில் இருக்கும் அபிஸ்கோவில் ஆண்டு முழுவதும் பெய்வது 300 மி.மீ. அளவுதான். லோஃபோட்டனில் நான்கு நாள் விடாமல் மூட்டமாக இருக்கும்போது இங்கே வானம் திறந்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு. ஒளி வட்டத்துக்கு நேர் அடியிலேயே நீங்கள் இருப்பதால் பூமியின் காந்தப்புலம் எவ்வளவு கலங்குகிறது என்று காட்டும் கே.பி. எண் 1, 2 இருந்தாலே போதும். எண்ணைப் பார்த்து ஏங்குவதைவிட மேகப்படத்தைப் பாருங்கள். நார்வேயின் 'ஈர்' வானிலைச் செயலி மணிவாரியாக மேகத்தைக் காட்டும். அபிஸ்கோவில் பகலுக்கும் குறையில்லை: 1909-இல் அமைந்த தேசியப் பூங்கா, சாலையை ஒட்டியே ஆற்றுப் பிளவு, டோர்னெட்ரெஸ்க் ஏரி, ஏரிக்குத் தெற்கே 'ப' எழுத்தைப் போன்ற லாப்போர்ட்டென் பள்ளத்தாக்கு. இரவில் குளிர் பூச்சியத்தை ஒட்டி இறங்கும்.

காகித வேலைகள் நீளமானவை, தாமதிக்காதீர்கள். இரவுகள் பெரும்பாலும் நார்வேயில் என்பதால் ஷெங்கன் விசாவுக்கு நார்வேயிடம் விண்ணப்பிக்க வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே கொடுக்கலாம். 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். சர்வதேச ஓட்டுநர் அனுமதிச் சீட்டை உங்கள் ஆர்.டி.ஓ. தரும், ஓராண்டு செல்லும். ஓட்டப்போவது இருவரும் என்றால் இருவருக்கும் தனித்தனியாக எடுங்கள், அசல் லைசென்ஸையும் கையில் வைத்திருங்கள். காரைப் பதிவு செய்பவர் பெயரிலேயே கிரெடிட் கார்டு இருக்க வேண்டும். மனைவி பெயரில் பதிவு, கணவர் பெயரில் கார்டு என்றால் கவுன்டரில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். இரண்டாவது ஓட்டுநர் பெயரும், சுவீடனுக்குள் போக அனுமதியும் ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்கட்டும்.

கார் சின்னதாக, ஆட்டோமேட்டிக்காக இருக்கட்டும். ஒன்றும் சொல்லாவிட்டால் கையில் கியர் போடும் வண்டி வரலாம். இடப்பக்கம் உட்கார்ந்து வலக்கையால் கியரைத் தேடுவது இந்தப் பயணத்தில் கற்கவேண்டிய பாடமல்ல. செப்டம்பரில் நான்கு சக்கர இயக்கம் தேவையில்லை. மின்சாரக் காரும் ஓடும், சார்ஜர்கள் வழி நெடுக உண்டு, ஆனால் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு செயலி. முதல்முறைக்குப் பெட்ரோல் அல்லது ஹைப்ரிட் நிம்மதி. டீசல் வண்டி கிடைத்தால் ஒரு எச்சரிக்கை: பங்க்கில் 'அவ்கிஃப்ட்ஸ்ஃப்ரி' என்று எழுதிய மலிவான டீசல் குழாய் இருக்கும். அது பண்ணை எந்திரங்களுக்கான வரியில்லாத, சாயம் கலந்த டீசல். காரில் போட்டுப் பிடிபட்டால் அபராதம். ஆளில்லாத பங்க்குகளில் கார்டும் பின் நம்பரும் வேண்டும்.

வலப்பக்கம் ஓட்டுவது பற்றி. எதிரே வண்டிகள் வரும் சாலையில் தவறு நடப்பதில்லை. அவற்றைப் பார்த்துக் கை தானே சரியாகப் போகும். பங்க்கிலிருந்தும் தங்குமிடத்திலிருந்தும் காலையில் காலிச் சாலைக்குள் நுழையும்போதும், இடப்பக்கம் திரும்பியதும்தான் பழைய பழக்கம் இழுத்து எதிர்த்தடத்தில் கொண்டுபோய் விடும். பக்கத்தில் இருப்பவர் ஒவ்வொரு முறை கிளம்பும்போதும், திரும்பும்போதும் "வலது" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பத்து நாளும், நச்சரிப்பாகத் தோன்றினாலும். வழி பார்ப்பது, கைபேசி தொடுவது, பார்க்கிங் கட்டுவது எல்லாம் அவர் வேலை. ஓட்டுபவர் கைபேசியைத் தொட்டால் அபராதம் மிகப் பெரியது. ஒன்றரை மணிக்கொரு முறை ஆள் மாற்றுங்கள்.

ஊருக்கு வெளியே வேக வரம்பு 80, ஊருக்குள் 50, கேமராக்கள் உண்டு. நேரக் கணக்குக்கு மணிக்கு 60 கி.மீ. என்றே வையுங்கள். பகலிலும் முகப்பு விளக்கு எரிய வேண்டும். பலகை இல்லாத சந்திப்பில் வலப்புறமிருந்து வருபவருக்கே முன்னுரிமை. மஞ்சள் வைரப் பலகை இருந்தால் நீங்கள் முன்னுரிமைச் சாலையில் இருக்கிறீர்கள் என்று பொருள். நம் ஊர்க்காரர்கள் தடுமாறுவது 'எம்' எழுத்துள்ள நீலப் பலகையில். குறுகலான சாலையில் வண்டிகள் ஒதுங்கிக்கொள்ளும் இடம் அது. உங்கள் பக்கம் இருந்தால் அதற்குள் ஒதுங்குங்கள், எதிர்ப்பக்கம் இருந்தால் அதற்கு நேரே நின்று எதிர்வண்டிக்கு இடம் விடுங்கள். படம் எடுக்க அங்கே காரை நிறுத்தவே கூடாது. ரைனெயைச் சுற்றி இதுதான் பெரிய தொல்லை. கட்டண நிறுத்துமிடத்தில் விட்டுவிட்டு நடங்கள். மது வரம்பு இரத்தத்தில் 0.02 சதவீதம், கிட்டத்தட்ட பூச்சியம்.

இருட்டுவதற்குள் சேர்ந்துவிடும்படி நாளைத் திட்டமிடுங்கள். அபிஸ்கோ சாலையில் கலைமான், ஹின்னோயா தீவில் எல்க், லோஃபோட்டனில் ஆடுகள் சாலைக்கு வரும். ஒரு கலைமான் கடந்தால் பின்னால் இன்னும் வரும். முழுவதும் நின்று காத்திருங்கள். மோதிவிட்டால் நார்வேயில் 02800 என்ற போலீஸ் எண்ணுக்குச் சொல்வது கடமை. ஆபத்து என்றால் போலீஸுக்கு 112, ஆம்புலன்ஸுக்கு 113. சாலை மூடியிருக்கிறதா என்று கேட்க 175. நாப்ஸ்ட்ரோமென் போன்ற கடலடிச் சுரங்கங்கள் எட்டு சதவீதச் சரிவில் இறங்கி ஏறும். ஈரக்காற்று கண்ணாடியில் படர்ந்து சட்டென மங்கும் என்பதால் நுழையும் முன்பே ஏ.சி.யைக் கண்ணாடிப் பக்கம் போடுங்கள். காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும்: திறந்த வெளியில் காரின் முகம் காற்றைப் பார்க்கும்படி நிறுத்தி, கதவை இரு கையாலும் பிடித்துத் திறங்கள். பின்னிருந்து அடிக்கும் காற்று கதவைப் பிடுங்கிக் கீலை வளைத்துவிடும், பல காப்பீடுகள் அதை ஏற்பதில்லை. எடுக்கும்போது நான்கு பக்கமும், சக்கரங்களும், முன்கண்ணாடியும் படமெடுங்கள்.

வடதுருவ ஒளிக்காக நிறுத்தும்போது சாலையோரம் ஒதுக்காமல் முறையான நிறுத்துமிடத்தில் விளக்கணைத்து நிறுத்துங்கள். காரிலுள்ள ஒளிரும் மேலங்கியை இருவரும் போட்டுக்கொள்ளுங்கள். வண்டியில் ஒன்றுதான் இருக்கும் என்பதால் இன்னொன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

சாப்பாடு. செப்டம்பர் பாதிக்குப் பின் லோஃபோட்டனின் பல உணவகங்கள் மூடத் தொடங்கும், திறந்திருப்பவற்றில் மீனே பிரதானம். ஆகவே 'ரோர்பு' எனப்படும் பழைய மீனவர் குடில்களில் சமையலறை உள்ளதாகப் பார்த்து எடுங்கள். அரிசி, சிவப்பு மசூர் பருப்பு, தயிர், தேங்காய்ப்பால் டின், காய்கள் எல்லாம் அங்குள்ள சூப்பர்மார்க்கெட்டில் கிடைக்கும். ஞாயிறன்று பெரிய கடைகள் பூட்டு, சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள். ஊரிலிருந்து பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், ரசப்பொடி கொண்டுபோகலாம். நெய்யும் பால்கோவாவும் கூடாது: ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து பால், இறைச்சிப் பொருட்கள் எதையும் பயணிகள் நார்வேக்குள் எடுத்துவர அனுமதியில்லை. பெரும்பாலும் இண்டக்‌ஷன் அடுப்பு இருக்கும். அலுமினிய குக்கர் அதில் சூடாகாது, அடியில் காந்தம் ஒட்டும் மூன்று லிட்டர் ஸ்டீல் குக்கராக எடுத்துப் போங்கள். தாளிக்கும் முன் புகைபோக்கி விசிறியைப் போட்டு ஜன்னலைத் திறக்காவிட்டால் புகை எச்சரிக்கை மணி அலறும்.

உடையில் உள்ளே பருத்தி வேண்டாம். நனைந்தால் காயாது, உடல் சூட்டை உறிஞ்சும். மெரினோ கம்பளி உள்ளாடை இரண்டு செட், மேலே மழை புகாத ஜாக்கெட்டும் கால்சட்டையும், பிடிப்புள்ள பூட்ஸ். ரைனெப்ரிங்கென் மலையில் நேபாள ஷெர்பாக்கள் அமைத்த கற்படிகள் சுமார் 2000. நனைந்திருந்தால் இறங்கும்போது வழுக்கும். மழை விட்டு ஒரு பகல் காய்ந்தபின் ஏறுங்கள். அதற்காகத்தான் ரைனெயில் மூன்று இரவுகள்: அவற்றில் ஒரு நாளாவது காய்ந்த நாளாக அமைய வாய்ப்பு அதிகம். மற்ற இரண்டு நாளும் மழை என்றால் ஓ கிராமம் வரை மெல்ல ஓட்டிப் போய், சிவப்புக் குடில்களுக்கு நடுவே நடந்துவிட்டு வாருங்கள்.