இன்டர்ன்ஷிப்பில் உச்ச நீதிமன்றத்தைச் சுற்றிப் பார்த்தபோது உங்களை ஆச்சரியப்படுத்தியது எது?

ஒரு வழக்கு ஒரு நிமிடம்கூட ஆகாமல் முடிந்துபோனதுதான்.

நாங்கள் ஏழு பேர், எல்லோரும் சட்டக் கல்லூரி மூன்றாம் ஆண்டு. டெல்லியில் ஒரு வழக்கறிஞரிடம் ஒரு மாத இன்டர்ன்ஷிப். முதல் திங்கட்கிழமை, அவருடைய ஜூனியர் அக்கா எங்களை உள்ளே கூட்டிக்கொண்டு போனார்.

கட்டடம் தராசு வடிவம் என்று எல்லோரும் சொல்வார்கள். வாசலில் நின்று பார்த்தால் குவிமாடமும் தூண்களும்தான் தெரியும், தராசு தெரியாது. 1958-ல்தான் நீதிமன்றம் இங்கே வந்தது. அதற்கு முன் நாடாளுமன்றக் கட்டடத்தின் ஒரு மண்டபத்தில் நடந்திருக்கிறது. 1950-ல் தலைமை நீதிபதியையும் சேர்த்து 8 நீதிபதிகள். 2019-ல் அது 34 இடங்களாக உயர்ந்தது. சரி, இதெல்லாம் பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது.

நீதிமன்ற அறைக்குள் போனதும் அக்கா தலைவணங்கினார், நாங்களும் பொம்மை மாதிரி வணங்கினோம். பலகையில் வழக்கு எண்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஒரு வழக்கறிஞர் வாதத்தைத் தொடங்கி இரண்டாவது வாக்கியத்துக்குள் போகவில்லை, 'தள்ளுபடி' என்றார் நீதிபதி. கட்டுக் காகிதத்தைச் சுமந்து வந்த கிளார்க்குக்கு அதைக் கீழே வைக்கக்கூட நேரமில்லை.

எனக்குக் கோபமே வந்துவிட்டது. வெளியே வந்ததும் அக்காவிடம் கேட்டேன். "அது அப்பீல் இல்லைப்பா, அப்பீல் செய்ய அனுமதி கேட்கிற மனு" என்றார். அரசியலமைப்பின் 136-வது பிரிவில் வரும் சிறப்பு அனுமதி மனு. அனுமதி கொடுப்பதும் மறுப்பதும் நீதிபதிகளின் விருப்புரிமை. கோப்பை முன்பே படித்துவிட்டுத்தான் வந்து உட்காருகிறார்கள். கீழ்த் தீர்ப்பில் தலையிட அப்படி என்ன இருக்கிறது என்பதை வழக்கறிஞர் முதல் வரியிலேயே சொல்லியாக வேண்டும். 136-ஐத் தேர்வுக்கு மனப்பாடம் செய்தவன்தான் நான். ஆனால் அன்றைக்குத்தான் புரிந்தது.

நீங்கள் போவதாக இருந்தால் திங்கள் அல்லது வெள்ளி போங்கள், இந்த மனுக்கள் வழக்கமாக அன்றுதான் வரும். முந்தின இரவே வழக்குப் பட்டியலைப் பார்த்து, ஒரு வழக்கின் உயர் நீதிமன்றத் தீர்ப்பையாவது படித்துவிடுங்கள். படிக்காமல் போனால் எண்கள் மட்டும்தான் ஓடும். ஐந்து நீதிபதிகளாவது சேர்ந்து உட்காரும் அரசியல் சாசன அமர்வின், நாள்கணக்கில் நீளும் வாதங்கள் 2022 முதல் நேரலையிலேயே வருகின்றன, அதை வீட்டில் பார்த்துக்கொள்ளலாம்.

அப்புறம், வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு உள்ளே போகாதீர்கள். எங்களில் ஒருவன் தூங்கிவிட்டான், காவலர் வந்து தோளைத் தட்ட வேண்டியதாயிற்று.