கோமாளி மீனில் வெள்ளைப் புள்ளி மறைந்தால் நோய் போய்விட்டதா?

தொட்டியில் யாழ்ப்பாணத்துக் கீரிமலைக் கடல்நீர் மாற்றியதும் புள்ளிகள் மறைந்துவிட்டன, இனி மருந்து வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கட்டாயம் வேண்டும். நோய் போகவில்லை.

உப்புத் தூள் ஒட்டியதுபோலத் தெரிந்தது கிரிப்டோகாரியன் என்ற ஒட்டுண்ணி. சில நாள் மீனின் தோலிலும் செவுளிலும் தின்று பெருத்து, தானாக உதிர்ந்து, மணலில் கூடு கட்டிப் பெருகும். பிறகு நூற்றுக்கணக்கில் நீந்திவந்து மீனைப் பிடிக்கும். செம்பு மருந்து கொல்வது அந்த நீந்தும் பருவத்தை மட்டுமே.

ஆகவே எல்லா மீன்களையும் வேறு தொட்டிக்கு மாற்றி, செம்பின் அளவைத் தினமும் சோதித்து 30 நாள் வைத்திருங்கள். மீன்கள் இருந்த பெரிய தொட்டியில் செம்பு மருந்தை ஊற்றிவிடாதீர்கள். இறாலும் பவளமும் செத்துவிடும். ஒட்டுண்ணி மீன் கிடைக்காமல் சாக, அந்தத் தொட்டி 76 நாள் மீனில்லாமல் கிடக்கட்டும். வற்றும் நீருக்கு ஈடாகக் கிணற்றுத் தண்ணீர் ஊற்ற வேண்டாம், யாழ்ப்பாணத்தில் பல கிணறுகளில் நைட்ரேட் அதிகம்.