பூனை எதைக் களவெடுத்தது?

கேள்வி: மாரி தொடங்கியதிலிருந்து ஒரு கள்ளப் பூனை எங்கள் காரின் பானட்டுக்குள் புகுந்து படுக்கிறது. போன கிழமை காலையில் ஸ்ராட் பண்ணியபோது பின்னங்கால் அடிபட்டுக் கத்திக்கொண்டு ஓடிவிட்டது. இனி வராமல் இருக்கப் பூச்சி உருண்டை போடலாமா?
– வாசகர் ஒருவர், சுன்னாகம்

பதில்: போடாதீர்கள். பூச்சி உருண்டை பூனைக்கு நஞ்சு.

இனி, அந்தக் 'கள்ள' என்ற சொல். அந்தப் பூனை உங்கள் வீட்டில் எதைக் களவெடுத்தது? மீனா, பாலா? நீங்கள் வேலையால் வந்து காரை நிறுத்திய பிறகு எஞ்சினில் மிஞ்சிக் கிடந்த சூட்டை. விடியுமுன் தானே ஆறிப்போகும் சூடு அது. அதற்குக் காலைக் கொடுத்திருக்கிறது. கள்ளப் பூனை, கள்ளப் பூனை என்று சொல்லிச் சொல்லியே, அதற்கு என்ன நடந்தாலும் தண்டனைதான் என்று நினைக்கப் பழகிவிட்டோம்.

யாழ்ப்பாணத்தில் அப்படியென்ன குளிர் என்பீர்கள். மார்கழி இரவின் 22, 23 பாகைக்கு நமக்கு ஒரு போர்வை போதும். பூனையின் உடம்போ 38 பாகைக்கு மேல் சூடானது. சுற்றிவர 30 பாகையாவது இருந்தால்தான் அதற்குக் குளிர் தெரியாது. மழையில் நனைந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

முன்பு அதற்கென்று ஓர் இடம் இருந்தது. அம்மம்மாவின் குசினியில் இராச்சாப்பாடு முடிந்து, தணலைச் சாம்பலால் மூடிவிட்டால் அடுப்படி பூனைக்குத்தான். அடுப்பிலே பூனை படுத்திருக்கிறது என்றால் அந்த வீட்டில் உலை ஏறவில்லை என்று பெரியவர்கள் பொருள் சொல்வார்கள். அம்மம்மா வீட்டில் உலை ஏறி இறங்கியதால்தான் பூனை வந்து படுத்தது. காஸ் அடுப்பில் தணல் ஏது? விறகுக் கொட்டிலை இடித்த இடத்தில் இன்று கார் நிற்கிறது. கிடுகு வேலி போய் மதில் வந்துவிட்டது. விறாந்தையும் பத்தியும் இல்லாமல் வீடு கீறிக் கொடுப்பவர்களோடு இந்தப் பக்கத்தில் பல வருடங்களாகச் சண்டை பிடித்து வருகிறேன். இன்னும் பிடிப்பேன். மழைக்கு ஒதுங்க ஓர் உயிருக்கும் இறவாணம் நீட்டாத வீட்டில் பூனை வேறெங்கே போகும்?

1990களில் பொருளாதாரத் தடையால் பெற்றோல் இல்லாமல், ஒஸ்ரின் கேம்பிரிட்ஜும் மொறிஸ் மைனரும் இங்கே மண்ணெண்ணெயில் ஓடின. காபரேற்றருக்குள் சொட்டுப் பெற்றோல் விட்டால்தான் எஞ்சின் எழும்பும். அதனால் பொனற்றைத் திறந்து பார்த்த பிறகே பயணம். (பொனற்! 'பானட்' வேண்டாம். அந்த ஆங்கிலச் சொல்லின் கடைசி ஒலிக்கு அத்தனை கிட்டப் போகும் 'ற்' நம்மிடம் இருக்க, 'ட்'டைக் கடன் வாங்குவது எனக்குப் பொறுக்கவில்லை.) உள்ளே பூனை படுத்திருந்தால் முகத்துக்கு நேரே தெரியும். இன்று பொத்தானை அழுத்துகிறோம். ஹைபிரிட் கார் என்றால் சத்தமில்லாமல் உருண்டு தெருவுக்கு வந்த பிறகுகூட எஞ்சின் எழும்பும். பெல்ற்றுக்கும் விசிறிக்கும் நடுவில் கண்ணயர்ந்திருக்கும் உயிருக்கு விழித்து ஓட நேரம் கிடைக்காது.

நிசான் நிறுவனம் 2015இல் ஜப்பானில் 'நெக்கோ பன்பன்' என்று ஒரு பரப்புரையைத் தொடங்கியது. நெக்கோ என்றால் பூனை, பன்பன் என்றால் தட்டும் சத்தம். புறப்படுமுன் பொனற்றைத் தட்டுங்கள், அவ்வளவுதான் செய்தி. காரை அங்கிருந்து இறக்கிய நாம் இதையும் சேர்த்து இறக்கியிருக்க வேண்டும். தட்டினால் பயந்து இன்னும் உள்ளே ஒடுங்கும் பூனையும் உண்டு. குட்டிகளோடு கிடக்கும் தாய் அசையவே மாட்டாது. ஆகவே தட்டிவிட்டுத் திறந்தும் பாருங்கள். அரை நிமிட வேலை. கார் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில், தூவானம் படாத மூலையில், ஒரு காட்போட் பெட்டிக்குள் பழைய சாக்கை மடித்துப் போட்டுவிடுங்கள்.

அடிபட்டது ஓடிவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். எங்கே ஓடியது என்று எழுதவில்லை. கால் முறிந்த பூனை தூரம் போகாது. மதிலோரம், தண்ணீர்த் தாங்கியின் பின்பக்கம், பக்கத்து வளவுப் பற்றை எல்லாம் இன்றைக்கே தேடுங்கள். கண்டால் துவாயால் சுற்றித் தூக்கி மிருக வைத்தியரிடம் கொண்டு போங்கள். வலிக்கிறதே என்று பனடோல் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். ஒரு குளிசை போதும், பூனை செத்துவிடும்.