காற்றாலை இறக்கையைப் பத்து இலட்சம் தடவை வளைத்துச் சோதிப்பார்களாமே, அதற்கு எவ்வளவு மின்சாரம் போகும்? குறைக்க வழி இல்லையா?

வழி இருக்கிறது, அதுவும் நாங்கள் உயர்தரத்தில் படித்த பௌதிகவியல்தான்.

முதலில் எங்கே வீணாகிறது என்று பாருங்கள். ஹைட்ரோலிக் உருளையால் இறக்கையை இழுத்து வளைத்தால், வில்லில் ஏறுவதுபோல அதற்குள் சக்தி ஏறும். விடும்போது அந்தச் சக்தி திரும்பி வருகிறது. ஆனால் சாதாரண ஹைட்ரோலிக்கில் எண்ணெய் வால்வுக்குள்ளால் நெருக்குப்பட்டுத் திரும்புவதால், எல்லாம் சூடாகிப் போய்விடும். அந்தச் சூட்டை ஆற்றவும் தனியாக மின்சாரம் வேண்டும்.

சித்திரைப் புதுவருசத்துக்கு வேம்பில் ஊஞ்சல் கட்டினால், பெரிய மாமாவையும் ஒரு சின்னப் பிள்ளை ஆட்டிவிடும். நேரம் பார்த்துத் தள்ளினால் போதும். அதுதான் பரிவு. பளையில் ஏ9 வீதியால் போகும்போது தெரிகிறதே, அந்த மாதிரி இறக்கைகளின் அடியைப் பெரிய கொங்கிரீட் தாங்கியில் பூட்டி, அவற்றின் இயற்கை மீடிறனிலேயே, அதாவது தட்டிவிட்டால் தானாகச் செக்கனுக்கு எத்தனை தடவை ஆடுமோ அந்த வேகத்திலேயே, ஆட்டுவார்கள். தணிப்பால், அதாவது ஆட்டம் தானாக அடங்குவதால், இழக்கும் சக்தியை மட்டும் மோட்டர் கொடுத்தால் சரி. 60 மீற்றர் இறக்கை செக்கனுக்கு ஒரு தடவைகூட ஆடாது. 0.6 ஹேர்ட்ஸ் என்று வைத்தால், பத்து இலட்சம் ஆட்டத்துக்கு ஓயாமல் 19 நாள். இடையிடையே நிறுத்திப் பரிசோதிப்பதால் உண்மையில் மாதக்கணக்கில் இழுக்கும்.

கிளிநொச்சி அறிவியல் நகரில் படித்த காலத்தில், ஒரு உருக்குப் பட்டியின் நுனியில் சமநிலையில்லாத சின்ன மோட்டரைப் பூட்டி இதைச் செய்து பார்த்தேன். சரியான வேகம் வந்ததும் பட்டி துள்ளியதை இன்றைக்கும் மறக்கவில்லை. கொஞ்சநேரம் போக, அதே வேகத்தில் ஆட்டம் குறைந்தது. மோட்டரில் பிழை என்றுதான் நினைத்தேன். பார்த்தால் பிடியடியில் மயிரிழை அளவில் ஒரு வெடிப்பு! வெடித்தால் விறைப்பு குறையும், மீடிறனும் இறங்கும். சோதனைக்கூடங்களிலும் மீடிறனை விடாமல் கண்காணிப்பது இதற்காகத்தான்.

எல்லாவற்றுக்கும் பரிவு சரிவராது. கடல் நீரோட்டத்தில் சுழலும் இறக்கைகள் கட்டை, விறைப்பு கூட. அவற்றின் இயற்கை மீடிறன் மிக அதிகம், அந்த வேகத்தில் ஆட்டினால் கண்ணாடி நார்க் கலவை உள்ளுக்குள்ளேயே சூடாகி, சோதனையே பொய்யாகிவிடும். அதனால் மெதுவாகத்தான் வளைக்க வேண்டும். ஸ்கொட்லாந்தில் ரோசைத்தில் எடின்பரோ பல்கலைக்கழகத்தின் ஃபாஸ்ட்பிளேட் கூடத்தில் இதற்கு ஒரு அழகான வழி வைத்திருக்கிறார்கள். இறக்கை நிமிரும்போது தள்ளும் எண்ணெய் பம்பையே மோட்டராகச் சுழற்றும். வந்த சக்தி அடுத்த வளைப்புக்குப் போகும்.