கேள்வி – பதில்: அலுவலகத்து கேப்ஸ்யூல் காப்பி மெஷின்

காப்பிப் பொடி அடைத்த சின்ன டப்பியை (கேப்ஸ்யூல்) உள்ளே வைத்துப் பொத்தானை அழுத்தி, அலுவலகத்தில் ஆளுக்கொரு கப்பாகப் போட்டுக் குடிக்கும் கேப்ஸ்யூல் மெஷின் பற்றி நெல்லை, தென்காசி, தூத்துக்குடி வட்டாரத்திலிருந்து வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.

வண்ணாரப்பேட்டை, ஆடிட்டர் அலுவலக வாசகி: ஒரு டம்ளர் நிறையப் பிடித்துப் பால் சேர்த்துக் கொடுத்தால், எங்கள் பெரிய கணக்கர், "இது என்ன காப்பி கழுவின தண்ணியாம்மா?" என்கிறார். ஃபில்டர் காப்பி மாதிரி இதில் வரவே வராதா?

அண்ணாச்சி சொல்வது சரிதான். ஆனால் கோளாறு மெஷினில் இல்லை, நீங்கள் அழுத்தும் பொத்தானில் இருக்கிறது. சின்ன கேப்ஸ்யூல் ஒன்றில் இருப்பது 5 முதல் 6 கிராம் பொடிதான். அதற்கு ஏற்ற தண்ணீர் 40 மில்லி. பெரிய பொத்தான் 110 மில்லி விடும். சாதாரண கேப்ஸ்யூலைப் போட்டு அதை அழுத்தினால், முதல் 40 மில்லியிலேயே சத்தெல்லாம் இறங்கிவிட, மீதி கசப்பும் தண்ணீருமாக வரும். அதன் மேல் பாலையும் ஊற்றினால் கழுவின தண்ணீர்தான்.

கேப்ஸ்யூலில் இறங்குவதை டிகாஷனாக நினைத்துக்கொள்ளுங்கள். சின்னப் பொத்தானில் 40 மில்லி பிடித்து, 60 முதல் 70 மில்லி சூடான பால் சேர்த்தால் சுமாரான காப்பி. திக்காகக் கேட்பவர்களுக்கு இரண்டு கேப்ஸ்யூலில் தலா 25 மில்லி பிடித்து 100 மில்லி பால். பொத்தானின் அளவை நீங்களே மாற்றலாம். பெரும்பாலான மாடல்களில் காப்பி இறங்கத் தொடங்கும்போதே பொத்தானை விடாமல் அழுத்திப் பிடித்து, வேண்டிய அளவு வந்ததும் விட்டால் அதுவே பதிவாகிவிடும். யாராவது இப்படித் தெரியாமல் அழுத்திப் பிடித்து 200 மில்லி என்று பதிய வைத்திருப்பதும் உண்டு. "திடீரென்று காப்பி நீர்த்துப் போச்சு" என்ற புகார் வந்தால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

முதல் கப் ஆறிப்போய் வருகிறது என்றும் எழுதியிருந்தீர்கள். கேப்ஸ்யூல் போடாமல் ஒரு முறை வெறும் வெந்நீரை டம்ளரில் பிடித்துக் கொட்டுங்கள். உள்குழாய், மூக்கு, டம்ளர் மூன்றும் சூடேறிவிடும்.

இவ்வளவும் செய்தாலும் நம் ஃபில்டர் காப்பியின் கருநிறமும் கெட்டித்தன்மையும் முழுதாக வராது. கடைப் பொடியில் 20 முதல் 40 சதவீதம் வரை சிக்கரி கலப்பது வழக்கம். கேப்ஸ்யூலில் பொதுவாக அது கிடையாது.

தாழையூத்து வாசகர்: வாங்கி ஐந்து மாதம்தான் ஆகிறது. மோட்டார் சத்தம் அதிகமாகி, காப்பி நூல் போல இறங்குகிறது. சூடும் குறைவு. ஆபீஸ் போர்வெல் தண்ணீர்தான் ஊற்றுகிறோம்.

கடைசி வரியிலேயே விடையும் இருக்கிறது. உங்கள் ஊரில் சிமென்ட் ஆலை அமைந்ததே சுண்ணாம்புக்கல்லை நம்பித்தான். அந்தப் பூமியில் ஊறும் தண்ணீரில் சுண்ணாம்பு இல்லாமல் இருக்குமா? தண்ணீரைச் சுடவைத்தால் கரைந்திருக்கும் சுண்ணாம்பு வெள்ளைப் படிவாக ஒட்டும். சோறு வடிக்கும் பானையில் ஒட்டினால் தேய்த்துவிடலாம். மெஷினுக்குள் தண்ணீர் சூடாவது மெல்லிய குழாய்க்குள். படிவு அதைக் குறுக்கினால் பம்ப் முக்கும், அதுதான் அந்தச் சத்தம். படிவு சூட்டையும் தடுப்பதால் காப்பி வெதுவெதுப்பாக வரும்.

படிவை எடுக்கும் முறை இது. மளிகைக் கடையில் 'எலுமிச்சை உப்பு' என்று விற்கும் சிட்ரிக் அமிலம் 10 கிராம், அதாவது இரண்டு தட்டையான டீஸ்பூன், அரை லிட்டர் தண்ணீரில் முழுக்கக் கரையட்டும். கேப்ஸ்யூல் இல்லாமல் தொட்டியில் ஊற்றி, பாதியை ஓடவிட்டு நிறுத்துங்கள். 20 நிமிடம் ஊறியபின் மீதியையும் ஓட்டிவிட்டு, இரண்டு தொட்டி நல்ல தண்ணீர் விட்டு அலசுங்கள். படிவு நீக்கத்துக்கென்று தனி முறை உள்ள மெஷின் என்றால் கையேட்டில் சொன்ன பொத்தான்களை அழுத்தி அந்த முறையிலேயே ஓட்டுங்கள். வாரண்டி காலம் முடியாவிட்டால் கம்பெனி சொல்லும் திரவத்தையே வாங்குவது நல்லது.

எலுமிச்சை உப்பு கூடினால் வேகமாக வேலை செய்யும் என்று அள்ளிப் போடாதீர்கள். அமிலமும் சுண்ணாம்பும் அதிகச் சூட்டில் சேர்ந்தால், கரையாத வேறொரு வெள்ளைப் படிவு உண்டாகி அடைப்பு இன்னும் மோசமாகும். வினிகரும் வேண்டாம். வாடை பல நாள் போகாது, ரப்பர் வாஷர்களுக்கும் ஆகாது.

இனி எந்தத் தண்ணீர்? தாமிரபரணிக் குழாய்த் தண்ணீர் கிடைத்தால் அதைவிட வேறு வேண்டாம். பொதிகையிலிருந்து வரும் அந்தத் தண்ணீரில் சுண்ணாம்பு குறைவு. கொதிக்கவைத்து ஆறவைத்து, மெல்லிய துணியில் வடிகட்டி ஊற்றுங்கள். 20 லிட்டர் கேன் தண்ணீரும் ஆகும். ஆனால் ஆர்.ஓ.வில் உப்பை அடியோடு எடுத்துவிட்ட தண்ணீரில் காப்பி சப்பென்று இருக்கும். ஆற்றுத் தண்ணீர் ஊற்றும் அலுவலகத்தில் ஆறு மாதத்துக்கு ஒரு முறையும், போர்வெல்தான் கதி என்றால் இரண்டு மாதத்துக்கு ஒரு முறையும் படிவு எடுங்கள்.

பாளையங்கோட்டை வாசகர்: கம்ப்யூட்டர் யு.பி.எஸ்.ஸில் மெஷினைச் சொருகினால் கீச்சென்று கத்திவிட்டு எல்லாம் அணைந்துவிடுகிறது. மெஷின் கோளாறா?

மெஷின் மேல் தப்பில்லை. இவை 1,200 முதல் 1,500 வாட் வரை இழுக்கும். மேஜையடி 600 வி.ஏ. யு.பி.எஸ். தாங்குவது சுமார் 360 வாட். சுவரில் உள்ள சின்ன 6 ஆம்பியர் சாக்கெட்டும் 230 வோல்ட்டில் 1,380 வாட்டுக்கு மேல் தாங்காது. 16 ஆம்பியர் பவர் சாக்கெட்டில்தான் போட வேண்டும். அதே பெட்டியில் மைக்ரோவேவையும் எக்ஸ்டென்ஷன் போட்டு இணைக்காதீர்கள்.

காப்பி இறங்கும்போது கரண்ட் போனால் உடனே கைப்பிடியைத் தூக்க வேண்டாம். உள்ளே அழுத்தம் அடங்க ஒரு நிமிடம் பொறுத்துத் திறந்து, அந்தக் கேப்ஸ்யூலைக் கழித்துவிடுங்கள்.

தென்காசி வாசகர்: அமெரிக்காவில் இருக்கும் மகன் கியூரிக் மெஷின் கொண்டுவந்து கொடுத்தான். ஆபீஸில் வைக்கலாமா?

வேண்டாம். அது 120 வோல்ட் மெஷின். ஊருக்குப் போகும்போது வாங்கும் அடாப்டர் பிளக்கின் வடிவத்தைத்தான் மாற்றும், வோல்ட்டை மாற்றாது. நேரே சொருகினால் ஹீட்டர் கருகும். 1,500 வாட் இழுக்கும் பொருளுக்கு வோல்ட்டைக் குறைத்துக் கொடுக்கும், 2,000 வி.ஏ.வுக்குக் குறையாத ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். அதன் எடையும் விலையும் பார்த்தால் இங்கேயே ஒரு மெஷின் வாங்கிவிடலாம். தவிர, 1998-ல் அலுவலகங்களுக்கென்றே வந்த அந்த வகையின் கேப்ஸ்யூல் வேறு அளவு. இங்கே பரவலாக விற்கும் சின்ன கேப்ஸ்யூல் அதில் உட்காராது.

சங்கரன்கோவில் வாசகி: கேப்ஸ்யூல் விலை கட்டவில்லை. நம் பொடியை நிரப்பும் ஸ்டீல் கேப்ஸ்யூல் வாங்கினேன். ஒரு நாள் சொட்டுச் சொட்டாக வருகிறது, மறுநாள் தண்ணீராகக் கொட்டுகிறது.

பொடியின் அரைப்புப் பதம்தான் காரணம். மாவு போல நைஸாக இருந்தால் தண்ணீர் நுழையாது, பம்ப் முனகும். ரவை போல இருந்தால் பத்து விநாடியில் ஓடிவிடும். தூள் உப்பைவிடச் சற்று நைஸாக, சிக்கரி கலக்காமல் அரைத்துத் தரச் சொல்லுங்கள். சிக்கரி நனைந்ததும் பிசுபிசுத்துச் சல்லடையை அடைக்கும். 5 கிராம் நிரப்பி, ஸ்பூனின் பின்புறத்தால் லேசாக அமுக்கி, விளிம்பில் ஒட்டிய பொடியை விரலால் வழித்துவிடுங்கள். விளிம்பில் ஒரு துணுக்கு இருந்தாலும் மூடி இறுகாமல் தண்ணீர் பக்கவாட்டில் கசிந்து கழிவுப் பெட்டிக்குள் போகும். 40 மில்லி இறங்க 20 முதல் 30 விநாடி ஆனால் பதம் சரி.

கால் கிலோ பொடியில் 50 கப் வரும். அந்த வகையில் லாபம்தான். ஆனால் ஒவ்வொரு முறையும் கழுவி நிரப்ப ஆபீஸில் யாருக்குப் பொறுமை என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

திருச்செந்தூர் பக்கம், வங்கிக் கிளை வாசகர்: உடன்குடி கருப்பட்டி போட்டுக் குடிப்போம். மெஷின் காப்பியில் சேர்த்தால் சில சமயம் பால் திரிகிறது. தண்ணீர்த் தொட்டியிலேயே கரைத்து ஊற்றலாமா?

தொட்டியில் தண்ணீரைத் தவிர எதுவும் கூடாது. கருப்பட்டி, பால், சர்க்கரை எது போனாலும் சூட்டுக் குழாயில் தீய்ந்து ஒட்டும். பிறகு மெஷின் பழைய இரும்புக்குத்தான்.

100 கிராம் கருப்பட்டியை நுணுக்கி 100 மில்லி தண்ணீரில் கொதிக்கவிட்டு, மண் போக வடிகட்டி, ஆறியதும் பாட்டிலில் ஊற்றி ஃபிரிட்ஜில் வையுங்கள். ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள். காப்பி பிடித்த டம்ளரில் இரண்டு டீஸ்பூன் பாகை முதலில் கலந்து, பாலைக் கடைசியில் ஊற்றுங்கள். கொதிக்கக் கொதிக்க வேண்டாம், அடுப்பிலிருந்து இறக்கி ஓரிரு நிமிடம் கழித்த பால் போதும். காய்ச்சி நேரமான பால் என்றால் எப்படிப் போட்டாலும் திரியத்தான் செய்யும்.

கங்கைகொண்டான் வாசகர்: எங்கள் பிரிவில் 20 பேர். காலை 11 மணிக்கு எல்லோரும் சேர்ந்து குடிப்போம். ஒரு மெஷின் போதுமா?

போதாது. கேப்ஸ்யூல் மாற்றி, பிடித்து, பால் சேர்க்க ஒரு கப்புக்கு ஒன்றரை நிமிடம் என்றாலும், கடைசி ஆளுக்கு அரை மணி நேரம் கழித்துத்தான் காப்பி. பெரிய பித்தளை அல்லது ஸ்டீல் ஃபில்டர் வாங்குங்கள். 200 கிராம் பொடிக்கு 1 லிட்டர் கொதிநீர் ஊற்றினால், பொடி பிடித்துக்கொண்டது போக 600 மில்லி டிகாஷன் இறங்கும். ஆளுக்கு 30 மில்லி. மெஷின் நாலைந்து பேர், வெவ்வேறு நேரத்தில் குடிக்கும் இடத்துக்குத்தான்.

மேலப்பாளையம் வாசகி: மெஷினைச் சுற்றி எறும்பு, உள்ளே பூஞ்சை வாடை. என்ன செய்ய?

கழிவுப் பெட்டியையும் சொட்டுத் தட்டையும் தினமும் மாலையில் கொட்டிக் கழுவிக் கவிழ்த்து வையுங்கள். ஈரப் பொடி இந்த வெக்கையில் இரண்டு நாளில் பூஞ்சை பிடிக்கும். வெள்ளி மாலை தொட்டியையும் காலி செய்துவிடுங்கள். திங்கள் காலை புதுத் தண்ணீர் ஊற்றியும் சத்தம் மட்டும் கேட்டு நீர் வராவிட்டால் பம்பில் காற்று புகுந்திருக்கும். தொட்டியைக் கழற்றி அழுத்தி மாட்டி, கேப்ஸ்யூல் இல்லாமல் பெரிய பொத்தானை இரண்டு மூன்று முறை ஓட்டினால் பிடித்துக்கொள்ளும். தண்ணீர் இல்லாமல் நீளமாக ஓட விட்டால் பம்ப் சூடேறிக் கெடும்.

எறும்பு வருவது சர்க்கரைக்கு. சர்க்கரை டப்பாவை வேறு மேஜைக்கு மாற்றுங்கள். பூச்சி மருந்தை மெஷின் பக்கத்தில் அடிக்கவே கூடாது. அலுமினிய கேப்ஸ்யூலைப் பிரித்துப் பொடியைத் தட்டிவிட்டுக் காயவைத்துச் சேர்த்தால் ஆக்கர் (பழைய இரும்பு) கடைக்காரர் எடுத்துக்கொள்வார். பொடியை மண்ணோடு கலந்து தொட்டிச் செடிக்குப் போடலாம். மேலே கனமாகப் பரப்பினால் இறுகிப்போய்த் தண்ணீரை உள்ளே விடாது.