ஜெர்மனியில் ஒரே ஒரு பழைய ஆற்றங்கரை நகரத்தைத்தான் பார்க்க முடியும் என்றால் எதைப் பார்க்கலாம்?

ரேகன்ஸ்பர்க். பலரும் ஹைடல்பெர்க், கொலோன் என்பார்கள். அவையும் நல்ல ஊர்கள்தான், ஆனால் என் ஓட்டு இதற்குத்தான். மியூனிக்கில் இருந்தபோது, ரயிலில் ஒன்றரை மணி நேரம்தானே என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை சும்மா கிளம்பிப் போனேன். அப்புறம் மூன்று முறை போயாகிவிட்டது.

டானூப் ஆறு வடக்கே எட்டும் கடைசி வளைவில் இருக்கிறது இந்த ஊர். ரோமானியர்கள் கி.பி. 179இல் இங்கே ஒரு படைக்கோட்டை கட்டினார்கள். அதன் வடக்கு வாசலில் மிச்சம் இருப்பது, இன்று ஒரு தெருவோரக் கட்டடத்தின் சுவரோடு சுவராக நிற்கிறது. முதல் முறை நான் அதைக் கவனிக்காமல் தாண்டிப் போய்விட்டேன்.

ஊரின் உயிர் கல் பாலம். 1135இல் தொடங்கிப் பதினொரே ஆண்டுகளில் முடித்திருக்கிறார்கள். 300 மீட்டருக்கும் மேல் நீளம். இரண்டாம் சிலுவைப் போருக்குப் போன படைகள் இதன் மேல்தான் டானூபைக் கடந்தன. 1930கள் வரை, அதாவது ஏறக்குறைய 800 ஆண்டுகள், இந்த ஊரில் டானூபுக்கு இது ஒன்றுதான் பாலம். பாலம் இருந்த இடத்தில் வியாபாரம் குவிந்தது. காசு பார்த்த வணிகர்கள் இத்தாலியைப் பார்த்துத் தங்கள் வீடுகளுக்கு உயரமான கோபுரங்கள் எழுப்பினார்கள். எதிரியைத் தடுக்க இல்லை, பக்கத்து வீட்டுக்காரனுக்குக் காட்ட!

பாலம் கட்டியவருக்கும் தேவாலயம் கட்டியவருக்கும் யார் முதலில் முடிப்பது என்று பந்தயமாம். பாலக்காரர் சாத்தானைத் துணைக்கு அழைத்தாராம். கதை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இப்போதுள்ள தேவாலயத்தைத் தொடங்கியதே பாலம் முடிந்து நூறு வருடத்துக்கும் மேலான பிறகு.

பின்னால் வியாபாரம் நியூரம்பர்க், ஆக்ஸ்பர்க் பக்கம் நகர்ந்தது. இடித்துப் புதிதாகக் கட்டக் கையில் காசு இல்லாததால் பழைய ஊர் அப்படியே தங்கிவிட்டது. இரண்டாம் உலகப் போரில் ஊருக்கு வெளியே இருந்த விமானத் தொழிற்சாலை மேல் குண்டு விழுந்தது. பழைய நகரம் பெரும்பாலும் தப்பியது. பாலத்தின் சில வளைவுகளை 1945 ஏப்ரலில் வெடி வைத்துத் தகர்த்தது ஜெர்மன் படையேதான். 2006இல் பழைய நகரம் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது.

பழைய நகர மன்றத்தையும் விடாதீர்கள். 1663 முதல் 1806 வரை, ஜெர்மன் நாடுகளை உள்ளடக்கிய புனித ரோமப் பேரரசின் சபை கலையாமல் கூடிய இடம். மேலே அலங்கார மண்டபம், கீழே சித்திரவதை அறை. வானியலாளர் கெப்ளர், தனக்கு வரவேண்டிய பணத்தைக் கேட்டு வாங்க இந்த ஊருக்கு வந்து, காய்ச்சலில் விழுந்து 1630இல் இங்கேயே இறந்தார். பாவம், கல்லறைகூட மிஞ்சவில்லை.

பசித்தால் பாலத்தடியில் இருக்கும் சின்னத் தொத்திறைச்சிக் கடைக்குப் போங்கள். கரி அடுப்பில் சுட்டு, புளித்த முட்டைக்கோஸும் இனிப்புக் கடுகு விழுதும் வைத்துத் தருவார்கள். டானூபில் வெள்ளம் வந்தால் முதலில் தண்ணீர் புகுவது அந்தக் கடைக்குள்தான். எந்தெந்த வருடம் எவ்வளவு ஏறியது என்று சுவரில் குறித்து வைத்திருக்கிறார்கள், சாப்பிட்டுக்கொண்டே படிக்கலாம்.